நோட்டில் எழுதாத ஒன்று: கிருஷ்ணகிரியில் ஒரு எண்ணச் சுழற்சி நோயும் இரண்டு உளவியல் பார்வைகளும்

முதல் நாள் அவள் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தவை இரண்டு. ஒன்று, கறுப்பு அட்டை போட்ட பைபிள். மத்தேயு சுவிசேஷத்தில் நாலைந்து தாள்களைச் சேர்த்து மேலும் கீழும் சேப்டி பின் குத்தியிருந்தாள், தவறிக்கூட அந்தப் பக்கம் திறந்துவிடக் கூடாது என்று. இன்னொன்று, 200 பக்க லாங் சைஸ் நோட்டு. உள்ளே எழுத்தே இல்லை, கோடுகள்தான். நாலு கோடு, குறுக்கே ஒன்று, மறுபடி நாலு கோடு. மாங்காய் மண்டியில் கூடை எண்ணுகிறவர்கள் போடும் அதே கணக்கு. ஒவ்வொரு கோடும் ஒரு கெட்ட எண்ணம். அன்று காலை எழுந்ததிலிருந்து என்னிடம் வந்து உட்காரும்வரை 140 கோடு.

கிருஷ்ணகிரியில் மருத்துவ உளவியலாளராக வேலை பார்க்கிறேன். இது ஒரே ஒருவருடைய கதை அல்ல. ஒரே விதமாக அவதிப்பட்ட சிலரிடம் கண்டதை ஒருவராக்கி, ஊர், வேலை, உறவு எல்லாவற்றையும் மாற்றி எழுதுகிறேன். அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். அதனால் இங்கே அவளுக்குத் தங்கை என்றே பெயர்.

மதச்சார்பற்ற உளவியலும் கிறிஸ்தவ உளவியலும் மனநோயைப் பார்ப்பதில் எங்கே பிரிகின்றன என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் "இவங்க மாத்திரை, அவங்க ஜெபம்" என்பது. தங்கையின் விஷயத்தில் எனக்கும் கிறிஸ்தவரான என் தோழிக்கும் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தைகூட வாக்குவாதம் வரவில்லை. நாங்கள் மோதிக்கொண்டது குற்றவுணர்வைப் பற்றி.

வந்த வழி

தங்கைக்கு 26 வயது. காவேரிப்பட்டணத்தைத் தாண்டி உள்ளே போகும் ஒரு கிராமம். பிளஸ் டூ முடித்தவள், சீசனில் மாங்கூழ் ஃபேக்டரியில் கணக்கு எழுதியவள். வீட்டுக்காரருக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. அவளுடைய அம்மா காலத்தில் பிறந்த வீடு சபைக்குப் போக ஆரம்பித்தது. மாமியார் இன்றும் முனியப்பனுக்குப் பொங்கல் வைக்கிறவர்.

19 வயதில் சின்னதாகத் தொடங்கியிருக்கிறது. ஜெபம் பண்ணும்போது ஒரு வார்த்தை தப்பினால் முதலிலிருந்து சொல்வாள். அதை யாரும் நோயென்று நினைக்கவில்லை. நல்லா ஜெபிக்கிற பொண்ணு என்று பேர்தான் வந்தது. மகன் பிறந்த நாலாவது மாதம் அது முற்றியது. ஒரு ஞாயிறு திருவிருந்தில் அப்பத்தை வாயில் வைக்கும் நேரத்தில், பரிசுத்த ஆவியைப் பற்றி ஓர் அசிங்கமான வார்த்தை மனதில் வந்து விழுந்தது. வாய்விட்டு எந்நாளும் சொல்லாத வார்த்தை. இரண்டு வாரம் கழித்து போனில் ஒரு பிரசங்கம் கேட்டாள். மத்தேயு 12ஆம் அதிகாரம்: எந்தப் பாவமும் மன்னிக்கப்படும், ஆவியானவருக்கு விரோதமான தூஷணமோ மன்னிக்கப்படுவதில்லை. அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

"எனக்கு மன்னிப்பே கெடையாதுக்கா. பைபிள்லயே போட்டிருக்கு."

எண்ணம் வந்ததும் "இயேசுவே மன்னியும்" என்று ஏழு முறை சொல்ல வேண்டும். நடுவில் பிள்ளை அழுதாலோ குக்கர் விசில் அடித்தாலோ மறுபடி ஒன்றிலிருந்து. அப்புறம் நோட்டில் ஒரு கோடு. அப்புறம் பாஸ்டருக்கு போன், ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை வரை. அவர் எடுக்காவிட்டால் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ். திருவிருந்து எடுப்பதை நிறுத்திவிட்டாள். பால் கொடுக்கும்போது அந்த எண்ணம் வந்தால் பாவம் பாலில் இறங்கிவிடும் என்று பயந்து, பாதி நேரம் பிள்ளையைப் புட்டிப்பாலுக்கு மாற்றிவிட்டாள்.

என்னிடம் வருமுன் நாலு இடம் போயாகிவிட்டது. சபையில் மூன்று நாள் உபவாச ஜெபம் நடந்தது. வெளியூர் ஊழியக்காரர் ஒருவர், பாட்டி கும்பிட்ட தெய்வத்தின் ஆவி இன்னும் விடவில்லை என்று விடுதலை ஜெபம் செய்தார். மாமியார் தன் பங்குக்கு ஒரு மந்திரித்த கயிறு வாங்கிக் கட்டினார். கட்டிக்கொண்டதே இன்னொரு பாவமாக நோட்டில் ஏறியது. ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை மூன்று வாரம் போட்டுப் பார்த்துவிட்டு, குணம் தெரியவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். மாத்திரை போடுவது விசுவாசக் குறைவு என்று ஜெபக்குழுவில் ஒருவர் சொல்லியிருந்ததும் ஒரு காரணம்.

ஒரே வீட்டில் இத்தனை விளக்கமா என்று வெளியாட்கள் ஆச்சரியப்படலாம். வேலூர் சி.எம்.சி. மனநலத் துறையினர் பல வருடங்களாக எழுதிவருவது இதைத்தான்: நம் மக்கள் ஒரே நேரத்தில் நோய் என்றும் நம்புவார்கள், செய்வினை என்றும் நம்புவார்கள், கடவுளின் சோதனை என்றும் நம்புவார்கள். ஒன்றை ஒப்புக்கொள்ள இன்னொன்றைக் கைவிட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. நாம்தான் கைவிடச் சொல்லி நெருக்குகிறோம்.

என்ன நோய்

முதலில் மனச்சிதைவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டியிருந்தது. "அந்த வார்த்தைய யாரும்மா சொல்றாங்க?" என்று கேட்டேன். "யாரும் சொல்லலக்கா. என் மனசுதான். ஆனா நான் நெனைக்காமலே வருது." இந்தப் பதில் முக்கியமானது. மனச்சிதைவில் குரல் வெளியிலிருந்து கேட்கும், அல்லது யாரோ எண்ணத்தை உள்ளே புகுத்துவதாகத் தோன்றும். இவளுக்கோ அது தன் மனம்தான் என்று தெரிகிறது, அதனால்தான் அவ்வளவு அருவருப்பு. சாமி வந்து ஆடுகிறவர்களுக்கு வரும் தன்னிலை மறப்பும் அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டேன். "செத்தா இது நிக்கும்னு தோணும். அதுவும் பாவம்தானே. அப்புறம் பையன் இருக்கான்." அன்றே வீட்டுக்காரரை உட்காரவைத்துப் பேசினேன். அவர் நைட் ஷிப்ட் போகும் நாட்களில் அம்மா வந்து கூடப் படுப்பது என்று முடிவானது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416ஐ இருவர் போனிலும் சேமித்துக் கொடுத்தேன்.

எண்ணச் சுழற்சி நோய். மக்கள் ஓ.சி.டி. என்று சொல்வது. இந்த நோயின் கடுமையை அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோலில் மொத்தம் 40. தங்கைக்கு 31. அது 24 ஆனாலே கடுமைதான்.

கை கழுவிக்கொண்டே இருப்பதும் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பதும்தான் இந்த நோய் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். அதன் மதமுகம் மிகப் பழையது. லத்தீனில் அதற்கு வழங்கிய பெயரின் பொருள் கூரான பொடிக்கல். செருப்புக்குள் அகப்பட்ட கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாது, நடக்கவும் விடாது.

நான் படித்த உளவியல் இதை இப்படி விளக்கும். 1978இல் ராக்மன், டி சில்வா என்ற இருவர் சாதாரண மனிதர்களைக் கேட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ 80 சதவீதம் பேர், அசிங்கமான, பயங்கரமான எண்ணங்கள் தங்களுக்கும் திடீரென வந்து போவதாகச் சொன்னார்கள். அந்த எண்ணங்களும் நோயாளிகளுடைய எண்ணங்களும் விஷயத்தில் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே எண்ணம் வருவது நோய் இல்லை. "இது வந்ததால் நான் கெட்டவள்" என்று அதற்குக் கொடுக்கும் அர்த்தமும், அதைத் துடைக்கச் செய்யும் சடங்கும்தான் நோயை வளர்க்கின்றன. ஏழு தடவை மன்னிப்புக் கேட்டதும் பத்து நிமிடம் நெஞ்சு லேசாகும். அந்தப் பத்து நிமிட நிம்மதியிலிருந்து மனம் கற்றுக்கொள்வது, "அப்படியானால் உண்மையிலேயே ஆபத்து இருந்திருக்கிறது" என்பதை. அடுத்த தடவை எண்ணம் இன்னும் பலமாக வரும். ஒன்றை நினைக்கக் கூடாது என்று முயன்றால் அதுவே திரும்பத் திரும்ப வரும் என்று 1987இல் வெக்னர் என்ற அமெரிக்கர் சோதித்துக் காட்டினார். குரங்கை நினைத்துக்கொண்டு மருந்து குடிக்காதே என்ற நம் ஊர்ப் பேச்சு அதைவிடப் பழையது.

மனநல மருத்துவர், பால் கொடுக்கும் தாய் என்பதைக் கணக்கில் எடுத்து செர்ட்ரலின் எழுதினார். 50 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவது. இந்த நோயில் மாத்திரை வேலை செய்ய 10, 12 வாரம்கூட ஆகலாம், மனச்சோர்வுக்குத் தருவதைவிட அளவும் பெரும்பாலும் கூடுதலாக வேண்டும். முதல் மாத்திரையை மூன்று வாரத்தில் விட்டதில் மாத்திரையின் தோல்வி எதுவும் இல்லை.

நான் செய்த தவறு

மூன்றாவது சந்திப்பில், பயப்படுவதை எதிர்கொண்டுவிட்டு அதன்பின் சடங்கைச் செய்யாமல் இருக்கும் பயிற்சியைத் தொடங்கினேன். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் எழுதியதிலிருந்து வளர்ந்த முறை அது. இந்த நோய்க்குப் பேச்சு வழியில் இதைவிட நல்ல சிகிச்சை எனக்குத் தெரியாது. தவறு முறையில் இல்லை. நான் எடுத்துக்கொண்ட விஷயத்தில்தான். ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "அந்த வார்த்தைய எழுதும்மா, எதுவும் ஆகாது" என்றேன்.

இரண்டு எழுத்து எழுதினாள். பேனாவை வைத்துவிட்டாள். அழவில்லை. அந்தத் தாளை நாலாக மடித்து, எட்டாக மடித்து, நகத்தால் மடிப்பை அழுத்தித் தேய்த்து, பைக்குள் வைத்துக்கொண்டாள். வேறு யாரும் அதைப் படித்துப் பாவத்தில் விழக் கூடாதாம். அதன்பிறகு ஏழு வாரம் வரவில்லை.

வீட்டுக்காரர் போனில் சொன்னார். ராத்திரி அந்தத் தாளை அடுப்பில் போட்டு எரித்திருக்கிறாள். அன்றைய நோட்டில் 400க்கு மேல் கோடு. மாத்திரையும் நின்றுவிட்டது. "இத்தன நாள் மனசுல தானா வந்துச்சு. இப்ப கையால எழுதிட்டேன்" என்று சொன்னாளாம். அவள் சொன்னது சரி. "நான் விரும்பி நினைக்கவில்லை" என்று சொல்லிக்கொள்ள அவளிடம் ஓர் இடம் மிச்சமிருந்தது. நான் அதையும் பிடுங்கிவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பிறகு நிறைய யோசித்தேன். மதமும் மனநோயும் என்றால் எனக்குள் முதலில் எழும் படம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, அங்கே தர்காவை ஒட்டிய ஒரு மனநலக் காப்பகத்தில், சங்கிலியில் கட்டிய நிலையில் தீயில் சிக்கி 28 பேர் இறந்தார்கள். நான் அப்போது பள்ளி மாணவி. பேப்பரில் வந்த அந்தப் படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்புறம் படிக்கப் போன இடத்தில் ஃப்ராய்ட். எண்ணச் சுழற்சியைத் தனி மனிதனின் மதம் என்றும் மதத்தை எல்லோருக்கும் பொதுவான எண்ணச் சுழற்சி என்றும் 1907இலேயே எழுதியவர். தென்னிந்தியக் கோயில் ஒன்றில் சில வாரம் தங்கிய 31 மனநோயாளிகளின் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்ததாக 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வையும் படித்திருந்தேன். அது தலையோடு நின்றுவிட்டது. தங்கையின் பயத்தை மூடநம்பிக்கை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவள் கையில் அந்தத் தாளைக் கொடுத்தபோது அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தோழி கேட்ட கேள்வி

என்னோடு எம்.ஃபில். படித்தவர். எலத்தகிரிப் பக்கத்து கத்தோலிக்கக் குடும்பம், இப்போது வேலூரில் வேலை. நடந்ததை எல்லாம் போனில் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "'எதுவும் ஆகாது'ன்னு சொன்னியே, அது உனக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வியில் இரண்டு அடி. "எதுவும் ஆகாது" என்பதும் ஒரு சமாதானம்தான். பாஸ்டர் பதினைந்து தடவை சொன்னதை நான் பதினாறாவது தடவையாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது அடி பலமானது. பாவம், மன்னிப்பு பற்றித் தீர்ப்புச் சொல்ல என்னிடம் அந்தப் பெண் வரவில்லை. உளவியல் பேசுவதாக நினைத்து, இறையியலில் ஒரு தீர்ப்பு வழங்கியிருக்கிறேன். அதுவும் அவள் ஏற்றுக்கொள்ள எந்தக் காரணமும் இல்லாத ஓர் ஆளாக.

இருவருக்கும் பாடப்புத்தகம் ஒன்று, தொழில் செய்வதற்கான பதிவும் ஒரே மறுவாழ்வுக் கவுன்சிலில். நோயின் பெயரிலோ அளவுகோலிலோ செர்ட்ரலினிலோ வேறுபாடு இல்லை. பிரிந்த இடம் இதுதான். எனக்குக் குற்றவுணர்வு ஒரு நோய்க்குறி, காய்ச்சல் மாதிரி, இறக்க வேண்டியது. அவருக்கு அது வலி மாதிரி. காலில் வலி என்றால் சில நேரம் உள்ளே முள் இருக்கும், சில நேரம் ஒன்றுமே இல்லாமல் நரம்பு மட்டும் சுண்டி இழுக்கும். எது என்று பார்க்காமல் மரத்துப்போக ஊசி போடுவது வைத்தியம் இல்லை என்பார். பாவம் என்று ஒன்று உண்டு என்று நம்புகிற ஒருவரால்தான், "இது பாவம் இல்லை" என்று இன்னொரு விசுவாசியிடம் சொல்ல முடியும் என்றும் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. யோசித்தபோது மறுக்க முடியவில்லை.

கிறிஸ்தவ உளவியல் என்று ஒரே குரலில் பேசும் ஒன்று இருப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1970இல் ஜே ஆடம்ஸ் என்ற போதகர், மூளைக் கோளாறு என்று காட்ட முடியாத மனத்துன்பங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பாவமே வேர், வேதத்தைக் கொண்டு கண்டித்துத் திருத்துவதே மருந்து என்று எழுதினார். நம் ஊர் ஜெபக்குழுவில் "விசுவாசக் குறைவு" என்று சொன்னவர் ஆடம்ஸ் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார், ஆனால் பேச்சு அதே பேச்சுதான். அதே அமெரிக்காவில், அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1965இல், ஃபுல்லர் இறையியல் கல்லூரி தனி உளவியல் பள்ளி தொடங்கி, முறையாகப் பயின்ற உளவியலாளர்களை உருவாக்க ஆரம்பித்துவிட்டது. நமக்குப் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. இருக்கிறது. மிஷனரிகள் கட்டிய ஆஸ்பத்திரி. பாகாயத்தில் உள்ள அதன் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சை பெறும் முறையைப் பல பத்தாண்டுகளாக நடத்திவருகிறார்கள். கிறிஸ்தவர் என்றால் மாத்திரைக்கு எதிரி என்று கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு சொல்வது அறியாமை.

மதச்சார்பற்ற பக்கமும் ஒன்றாக இல்லை. ஆடம்ஸை மிகவும் பாதித்தவர் மவ்ரர் என்ற உளவியலாளர், அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தவர். "நோய்" என்று சொல்லி மனிதர்களின் பொறுப்பைக் கழற்றிவிடுகிறோம், அதைவிட "பாவம்" என்ற சொல்லே மேல் என்று 1960இல் அவர் எழுதினார். எதிர்ப்பக்கம் ஆல்பர்ட் எல்லிஸ், தீவிர மதப்பற்றே மனக்கோளாறுக்குச் சமம் என்று 1980இல் சொல்லி, பின்னாளில் கொஞ்சம் இறங்கிவந்தார். நோயாளியின் நம்பிக்கையையும் ஆன்மிகத்தையும் கேட்டறிவது சிகிச்சையின் பகுதி, அதில் தன் நம்பிக்கையையோ நம்பிக்கையின்மையையோ மருத்துவர் திணிக்கக் கூடாது என்பது 2016இல் உலக மனநல மருத்துவர் சங்கம் எடுத்த நிலை. திணிக்கக் கூடாத பட்டியலில் நம்பிக்கையின்மையும் இருக்கிறது. அதைக் கவனமாக இரண்டு தடவை படித்தேன்.

நம் 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவும், ஒருவர் தன் சமூகத்தின் ஒழுக்கத்தோடும் மத நம்பிக்கையோடும் ஒத்துப்போகாததை வைத்து அவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது.

தோழி இன்னொன்றும் சொன்னார். இந்தப் பொடிக்கல்லைச் சபை நூற்றாண்டுகளாக அறியும். இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இருந்தபோது, சொன்ன பாவத்தையே குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் மறுபடி மறுபடி சொல்லித் தவித்து, உயிரை விட்டுவிடலாமா என்ற அளவுக்குப் போனார். மிகத் தெளிவாகத் தெரிகிற பழைய பாவத்தை மட்டும் சொல் என்றார் குரு. அவருக்கோ எல்லாமே தெளிவாகத்தான் தெரிந்தது! பின்னாளில் இப்படித் தவிப்பவர்களுக்கென்றே அவர் குறிப்புகள் எழுதினார். ஒரே குருவிடம் போ, அவர் சொன்னதற்குக் கட்டுப்படு, ஒருமுறை சொன்ன பாவத்தைத் திரும்பச் சொல்லாதே என்பது பழைய ஆன்ம குருக்கள் சொல்லிவந்த புத்தி. 1966இல் மேயர் எழுதிய முறைக்கு இது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்.

ரசீது

ஒரு சனிக்கிழமை தோழி வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்தார். தங்கையின் சம்மதத்தோடு இருவரும் பாஸ்டரைப் பார்க்கப் போனோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சபை, அடுக்கி வைத்த பிளாஸ்டிக் சேர், துணி போர்த்திய கீபோர்டு. "அவங்க ஆர்.சி. ஆச்சே" என்று பாஸ்டருக்கு முதலில் கொஞ்சம் தயக்கம். பாஸ்டரம்மா டீ கொண்டுவந்தார். பாஸ்டர் தன் போனை எடுத்து எங்களிடம் நீட்டினார். ஒரே நாளில் 43 வாய்ஸ் மெசேஜ்.

"ஒவ்வொரு தடவையும் கர்த்தர் மன்னிச்சிட்டார்மான்னு சொல்லிட்டுத்தான் இருக்கேன் சிஸ்டர். பத்து நிமிஷம் நிக்கும். மறுபடி போன் வரும்." நான் பலகையில் படம் போட்டு விளக்குவதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

அவர் கொடுத்திருந்த ஆலோசனை 2 கொரிந்தியர் 10:5. எந்த எண்ணத்தையும் கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படியச் சிறைப்படுத்து என்பது. தங்கை நாள் முழுக்கச் சிறைப்படுத்திக்கொண்டுதான் இருந்தாள். தோழி அதே வசனத்தைத் திறந்து அதன் முன்பாதியைப் படிக்கச் சொன்னார். அதில் "தர்க்கங்களையும்" என்று வருகிறது. "பவுல் இங்க பேசுறது கொரிந்துல அவருக்கு விரோதமா எழும்பின போதனைகளப் பத்தி. மனசுல ஈ மாதிரி பறந்து போற ஒவ்வொண்ணையும் துரத்திப் புடிக்கணும்னு அவர் சொல்லல, ஐயா."

பாஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "இருந்தாலும் ஜெபம் கேட்டு வர்றவங்கள வேண்டாம்னு அனுப்புற அதிகாரம் எனக்கு இல்ல."

"அவ கேக்குறது ஜெபம் இல்ல ஐயா, ரசீது. கட்டின பணத்துக்குத் திரும்பத் திரும்ப ரசீது கேக்குறா. நீங்களும் எழுதிக் கொடுத்துட்டே இருக்கீங்க."

பாஸ்டர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டினார். எனக்கு அந்த வாக்கியம் ஏழெட்டுப் பாடப்புத்தகத்துக்குச் சமம். நான் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது. ஜெபம் பண்ணுகிற ஒருவர் சொன்னதால் எடுபட்டது.

முடிவானது இது. பாஸ்டரிடம் பேச்சு ஞாயிறு ஆராதனை முடிந்து ஒரு தடவை. நடுவில் போன் வந்தால், "அதுக்குப் பதில் ஏற்கெனவே சொல்லியாச்சும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். வீட்டுக்காரரும் அம்மாவும் அதே வாக்கியம்தான். போகும்போது தோழி, மோட்சப் பயணம் எழுதிய ஜான் பன்யனின் கதையைப் பாஸ்டரிடம் சொன்னார். கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு என்ற எண்ணம் மனதில் ஓயாமல் அடிக்க, தான் மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டதாகப் பன்யன் தவித்ததை அவரே 1666இல் எழுதிவைத்திருக்கிறார். பாஸ்டருக்கு அது புதிது. அடுத்த ஞாயிறு பெயர் எதுவும் சொல்லாமல் அதைப் பிரசங்கத்தில் சொன்னாராம்.

நாங்கள் சண்டை போட்டது

பயிற்சிக்குப் புதிதாக ஒரு ஏணி போட்டோம். அந்த வார்த்தையை எழுதுவது அதில் இல்லை. ஒரு விசுவாசியின் நம்பிக்கையே பாவம் என்று சொல்வதைச் செய்யச் சொல்லாமலே, அவள் பயந்து ஒதுக்கிய நல்லவற்றை எதிர்கொள்ளச் செய்யலாம் என்பது தோழியின் வாதம். கோடு போடாமல் ஒரு மணி நேரம். எண்ணம் வரும்போதே பால் கொடுப்பது. திருவிருந்து. கடைசிப் படி, சேப்டி பின்னைக் கழற்றுவது.

எண்ணம் வரும்போது தனக்குள் என்ன சொல்லிக்கொள்வது என்பதில்தான் மோதல். எங்கள் முறையில் சந்தேகத்தோடு வாழப் பழக வேண்டும்: "ஒருவேளை அந்தப் பாவத்தை நான் செய்திருக்கலாம்." தோழி இதற்கு ஒப்பவில்லை. நம்பிக்கை என்பது நிச்சயம் அல்ல, ஒருவர் கையில் தன்னை விட்டுவிடுவது என்றார். அவர் எழுதிக்கொடுத்த வரி: "செய்தேனா இல்லையா என்று இன்றைக்குக் கண்டுபிடிக்கப் போவதில்லை. என்னைக் கடவுளிடம் விட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறேன்." இதுவே புதுச் சடங்காகிவிடும் என்று நான் சொன்னேன். நாலாவது வாரம் தங்கை அதை ஏழு தடவை சொல்லிக்கொண்டிருந்தாள். தோழி தானே இரண்டாவது வாக்கியத்தை அடித்துவிட்டார்.

சிகிச்சை எதுவரை என்பதிலும் ஒத்துப்போகவில்லை. பிள்ளைக்குப் பால், ராத்திரித் தூக்கம், அளவுகோலில் குறைந்த மதிப்பெண், எனக்கு இவை போதும். பயமில்லாமல் அவள் கடவுளிடம் திரும்பிப் போவதும் சேர்ந்தால்தான் குணம் என்று தோழி சொல்வார். அது நம் வேலையா என்று கேட்டேன். இன்றுவரை எனக்கு அது நம் வேலை என்று தோன்றவில்லை.

ஆனால் ஒரு நாள் அவர் கேட்ட கேள்வி எனக்குத் தோன்றவே தோன்றியிருக்காது. நோட்டைப் புரட்டிக்கொண்டே, "இதுல எழுதாத ஏதாவது இருக்காம்மா?" என்றார்.

நெடு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னாள். கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர் கடனுக்காக அம்மா வீட்டுப் பீரோவிலிருந்து இரண்டு பவுன் சங்கிலியை எடுத்து அடகு வைத்திருக்கிறாள். பழி அண்ணியின் மேல் விழுந்தது. அண்ணனும் அண்ணியும் தனிக்குடித்தனம் போனது அதற்கப்புறம்தான். நோட்டில் ஆயிரக்கணக்கான கோடுகள், இதற்கு ஒரு கோடுகூட இல்லை.

நானாக இருந்தால் இதையும் நோயின் இன்னொரு எண்ணம் என்று ஒதுக்கியிருப்பேன். தோழி ஒதுக்கவில்லை. இது முள் என்றார். மூன்று வாரம் பேசி, என்ன சொல்வது, யாரோடு போவது என்று திட்டமிட்டு, தங்கை தன் அண்ணியின் வீட்டுக்குப் போனாள். அண்ணி கத்தினார், அழுதார், அப்புறம் சோறு போட்டார். சங்கிலியின் விலையை மாதம் 3,000 ரூபாயாகத் திருப்பித் தருவதாகப் பேச்சு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த வாரம் அவளுடைய மதிப்பெண் ஒன்றுகூடக் குறையவில்லை. சங்கிலி நோயின் காரணம் அல்ல. பாவத்தை அறிக்கை செய்தாள், நோய் போய்விட்டது என்று யாராவது இதைச் சாட்சியாகச் சொன்னால் அது பொய். நடந்தது வேறு. அண்ணியிடம் சொன்ன விஷயம் அன்றோடு முடிந்தது. அதைப் பற்றி அவள் யாரிடமும் இரண்டாம் தடவை கேட்கவில்லை, நோட்டில் ஏறவில்லை, பாஸ்டருக்குப் போன் போகவில்லை. ஆவியானவரைப் பற்றிய எண்ணமோ அன்று சாயங்காலமே திரும்ப வந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னது. நிஜமான குற்றவுணர்வு ஈடு செய்தால் தீரும், நோயின் குற்றவுணர்வு ஈடு செய்தால் வளரும் என்று தோழி முன்பே சொல்லியிருந்தார். நான் அதைப் பிரசங்கம் என்று நினைத்திருந்தேன். ஒரே வாரத்தில், ஒரே ஆளிடம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இப்போது மதப் பின்னணியோடு வருகிற யாரிடமும் நான் முதலில் கேட்பது, "ஜெபம் பண்ணி முடிச்சதும் மனசு அடங்குதா, இன்னொரு ஜெபம் கேக்குதா?" என்றுதான்.

இப்போது

செர்ட்ரலின் 150 மில்லிகிராமில் நிற்கிறது. 12ஆம் வாரம் அளவுகோலில் 31 என்பது 22 ஆனது, ஆறாம் மாதம் 13. பூரண குணம் இல்லை. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருடத்துக்கான வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுத்தபோது, அட்டை சரியில்லை, மாற்ற வேண்டும் என்று மனம் நெருக்கியிருக்கிறது. மாற்றாமல் வீட்டுக்கு வந்து, ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தாள். மாத்திரையை நிறுத்தலாமா என்று மாதம் ஒருமுறை கேட்கிறாள். குறைந்தது ஒரு வருடம், இரண்டு வருடம்கூட ஆகலாம் என்கிறார் மருத்துவர். மாத்திரை தீரும் தேதியைப் பாஸ்டரம்மா தன் போனில் போட்டு வைத்திருக்கிறார்.

பின்னைக் கழற்றியது போன மாதம், என் அறையில். துருப்பிடித்து தாளோடு ஒட்டியிருந்தது. கழற்றிய இடத்தில் மேலும் கீழும் பழுப்பு நிறத்தில் பொட்டுப் பொட்டாகத் துளைகள். 12ஆம் அதிகாரத்தை முதலிலிருந்து சத்தமாக வாசித்தாள். 31ஆம் வசனத்தில் நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. விரல் நடுங்க 31, 32 இரண்டையும் வாசித்து, அதற்கடுத்த வசனத்தையும் வாசித்துவிட்டு, "பையன் எந்திரிச்சிருப்பான்க்கா, நாலு மணி பஸ்ஸ விட்டா அஞ்சரைக்குத்தான்" என்று பைபிளை மூடிக்கொண்டு கிளம்பினாள்.